டிரில் பிட் மொக்கையாயிடுச்சா? வீட்லயே சாணை புடிக்கிறது பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

கொருக்குப்பேட்டைல எங்க வீட்டு பின்பக்கம் ஒரு சின்ன ஷெட்டு, அதுல ஒரு பெஞ்ச் கிரைண்டர், ஒரு வைஸ், ஒரு டிரில்லிங் மெஷின். அதுக்கு முன்னாடி வியாசர்பாடி எஸ்டேட்ல லேத் பட்டறைல 17 வருஷம் வேலை. சுத்துவட்டத்துல கிரில் வேலை, ஏசி மாட்டுறது, அலுமினியம் பார்ட்டிஷன், எலக்ட்ரிக்கல்னு போற பசங்க சாயங்காலம் ஆனா மொக்கை பிட்டை எடுத்துனு வந்து நிப்பாங்க, கூடவே அதே சந்தேகங்களும் வரும். ஒவ்வொருத்தருக்கும் வாயால சொல்லி சொல்லி, சரி எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சுடலாம்னு உக்காந்தேன். கேள்விங்க அவங்க கேட்ட மாதிரியே இருக்கு.

அண்ணா, பிட்டு மொக்கையாயிடுச்சு. புதுசு வாங்கிடட்டா, இல்ல சாணை புடிக்கவா? எது லாபம்?

6 எம்எம்-க்கு மேல இருந்தா யோசிக்கவே வேணாம், சாணை தான். ஒரு 10 எம்எம் பிட்டை எடுத்துக்கோங்க, அதுல சுருள் பள்ளம் இருக்குற பாகம் மட்டுமே 87 எம்எம் நீளம். இரும்பை வெட்டுறது நுனில இருக்குற மூணு எம்எம் தான். ஒரு தடவை ஒழுங்கா சாணை புடிச்சா அரை எம்எம் கூட தேயாது. அப்போ மொக்கையான உடனே தூக்கி போடுறவங்க எவ்ளோ நல்ல இரும்பை குப்பைல போடுறாங்கன்னு பாருங்க, எனக்கு அதை பாத்தா மனசு கேக்காது.

3 எம்எம்-க்கு கீழ இருந்தா புதுசே வாங்குங்க, கண்ணுக்கே தெரியாத நுனில ரெண்டு பக்கமும் சமமா புடிக்கிறது கஷ்டம், விலையும் கம்மி. நடுவுல 4, 5 எம்எம் எல்லாம் கை பழகின அப்புறம் பண்ணலாம். கத்துக்குறதுக்கு 10 இல்லன்னா 12 எம்எம் பழைய பிட்டு ஒண்ணு தான் சரி, பெருசா இருந்தா தப்பு கண்ணுக்கு நல்லா தெரியும்.

பிட்டு மொக்கையா இல்ல மெஷின்ல கோளாறான்னு எப்டி கண்டுபுடிக்கிறது?

முதல்ல மெஷின் முன்னாடி ஓடுதா பின்னாடி ஓடுதான்னு பாருங்க, ரிவர்ஸ்ல போட்டுட்டு பிட்டை திட்டுறவங்க நிறைய பேரு. அது சரின்னா பிட்டு நுனியை டியூப் லைட்டுக்கு நேரா காட்டி மெதுவா திருப்புங்க. கூரான விளிம்பு வெளிச்சத்தை திருப்பி அடிக்காது, கருப்பா தான் தெரியும். மழுங்கி இருந்தா அந்த விளிம்புல வெள்ளையா ஒரு மெல்லிசு கோடு மின்னும். அந்த கோடு தான் மொக்கை.

அது இல்லாம வேலை செய்யும்போதே தெரியும். நல்ல பிட்டுன்னா எம்எஸ்ல, அதாவது மைல்ட் ஸ்டீல்னு சொல்ற சாதா இரும்புல, சுருள் சுருளா சீவி வரும், மொக்கைன்னா பொடியா கொட்டும், கீச்சுனு கத்தும், புகை வரும், நாம மெஷின் மேல ஏறி உக்காராத குறையா அமுக்கணும்.

லிப்பு, ஹீலுன்னு சொல்றீங்களே, அது எது எதுன்னு புரியல சார்

இது புரிஞ்சா மீதி எல்லாம் புரிஞ்ச மாதிரி, அதனால பிட்டை கைல வெச்சுனு படிங்க. நுனில ரெண்டு வெட்டுற விளிம்பு எதிரும் புதிருமா இருக்கும், அதான் லிப். ஒரு லிப்புல இருந்து ஆரம்பிச்சு பின்பக்கமா சரிஞ்சு போற பரப்பு இருக்கு பாருங்க, அது முடியுற இடம் ஹீல், குதிகால் மாதிரி. ரெண்டு லிப்பையும் நடு நுனில சேக்குற சின்ன குறுக்கு கோடு உளி முனை, பட்டறைல சிசல்னு சொல்லுவோம். ரெண்டு பள்ளத்துக்கும் நடுவுல உள்ள முதுகெலும்பு மாதிரி இருக்குற தடிப்பு வெப்.

இதுல ஒரே ஒரு சட்டம் தான்: லிப்பை விட ஹீல் தாழ்ந்து இருக்கணும். ஏன்னா பிட்டு சுத்தும்போது லிப் முன்னாடி போய் இரும்பை கடிக்கணும், பின்னாடி வர்ற ஹீல் தொடாம வழி விடணும். ஹீல் சமமாவோ மேடாவோ இருந்தா லிப் இரும்பை தொடவே தொடாது, ஹீல் தான் உரசினு இருக்கும். என் கிட்ட வர்ற தப்பா சாணை புடிச்ச பிட்டுங்கள்ல முக்கால்வாசி இந்த ஒரே தப்பு தான்.

எல்லா பிட்டையும் சாணை புடிக்கலாமா? சிலது புடிச்ச உடனே திரும்ப மொக்கையாகுதே

ரெண்டு வகை இரும்பு இருக்கு. ஷாங்க்ல, அதான் மெஷின்ல மாட்டுற வழவழப்பான தண்டுல, ஹெச்எஸ்எஸ்னு எழுதி இருந்தா அது ஹை ஸ்பீடு ஸ்டீல், டங்ஸ்டன், மாலிப்டினம், குரோமியம், வனேடியம் எல்லாம் கலந்தது, கிட்டத்தட்ட 600 டிகிரி வரைக்கும் சூடானாலும் கெட்டித்தன்மை போகாது. இன்னொன்னு சாதா கார்பன் ஸ்டீல், பொட்டலம் போட்டு செட்டா மலிவா விக்கிறது பெரும்பாலும் அதான், 300 டிகிரி பக்கம் போய் நீலமானா அந்த இடம் இளகிடும்.

எழுத்து அழிஞ்சு போயிருந்தா சாணைல லேசா தொட்டு பொறியை பாருங்க. கார்பன் ஸ்டீலா இருந்தா மத்தாப்பு மாதிரி வெள்ளையா நட்சத்திரம் நட்சத்திரமா வெடிக்கும். ஹெச்எஸ்எஸ்னா மங்கலா செவப்பா, கோடு கோடா, கொஞ்சமா தான் வரும். செவப்பு பொறி வந்தா அந்த பிட்டுக்கு நேரம் செலவு பண்ணலாம்.

என்ன மெஷின் வேணும்? எந்த கல்லு போடணும்?

6 இன்ச் பெஞ்ச் கிரைண்டர் போதும். நம்ம கரண்டுல அது நிமிஷத்துக்கு சுமார் 2800 சுத்து ஓடும். அதோட வர்ற சாம்பல் கலர் கல்லு ஒரு பக்கம் 36, இன்னொரு பக்கம் 60 கிரிட்னு இருக்கும், 36 ரொம்ப முரடு, அதுல பிட்டை வைக்காதீங்க. 60 இல்ல 80 கிரிட் அலுமினியம் ஆக்சைடு கல்லு, முடிஞ்சா வெள்ளை கல்லு வாங்கி மாட்டுங்க, வெள்ளைல சூடு கம்மியா ஏறும். செம்புதாஸ் தெரு, லிங்கிச்செட்டி தெரு பக்கம் போனா டூல்ஸ் கடைல கிடைக்கும், கிரைண்டரோட ஷாஃப்ட் சைஸை அளந்துனு போங்க. சாணக்கல்லுன்னா நம்ம ஏரியாவுக்கு அது அந்நியமில்ல, கார்போரண்டம் யுனிவர்சல் 1954ல ஆரம்பிச்சது, திருவொற்றியூர்ல தான் அவங்க ஃபேக்டரி.

கல்லோட முகம் தட்டையா இருக்கணும். நடுவுல பள்ளம் விழுந்த கல்லுல எவ்ளோ பெரிய கைக்காரர் புடிச்சாலும் நேர் லிப் வராது. டிரஸ்ஸர்னு ஒண்ணு விக்குது, நட்சத்திர சக்கரம் வெச்சதும் இருக்கு, டைமண்ட் வெச்சதும் இருக்கு, அதால அப்பப்போ முகத்தை சமம் பண்ணுங்க. அந்த கல்லுல அலுமினியம் மட்டும் தேய்க்கவே கூடாது, துளை எல்லாம் அடைச்சுக்கும், அப்புறம் வெட்டாது, சூடு தான் ஏத்தும்.

ஹேண்ட் கிரைண்டர் தான் இருக்கு தல, அதுல புடிச்சா ஆவாதா?

ஆவும், ஆனா பயந்து பண்ணணும். 4 இன்ச் ஹேண்ட் கிரைண்டர் 11,000 ஆர்பிஎம் பக்கம் ஓடுது. ஒரு கைல பிட்டு ஒரு கைல கிரைண்டர்னு புடிக்கவே புடிக்காதீங்க, தெரிஞ்ச பையன் ஒருத்தன் அப்படி பண்ணி கட்டை விரல்ல நாலு தையல். பிட்டை வைஸ்ல நுனி மேல பாக்குற மாதிரி இறுக்கிட்டு, கிரைண்டரை ரெண்டு கையாலயும் புடிச்சு, உப்புத்தாளை இதழ் இதழா அடுக்குன ஃபிளாப் டிஸ்க் போட்டு லேசா தொட்டு தொட்டு எடுக்கணும். கட்டிங் வீலோட பக்கவாட்டுல தேய்க்காதீங்க, அது அந்த பாரத்துக்கு செஞ்சது இல்ல, வெடிச்சுடும். சைட்டுல அவசரத்துக்கு இது ஓகே, வழக்கமா வெச்சுக்காதீங்க.

வீட்டுக்குள்ள கிரைண்டர் போடுறாரு, பக்கத்துலயே சிலிண்டர். பயமா இருக்கு, நீங்க சொல்லுங்கண்ணா அவருக்கு

தங்கச்சி கேட்டது ரொம்ப சரி. லைன் வீட்ல இடம் கிடையாது தான், அதுக்காக பொறி பறக்குற இடத்துல சிலிண்டர், தின்னர் டப்பா, மண்ணெண்ணெய், துணி மூட்டை எதுவும் இருக்கக் கூடாது. மொட்டை மாடிலயோ வாசல்லயோ வெச்சு பண்ணுங்க, சின்ன புள்ளைங்களை தள்ளி நிறுத்துங்க.

கண்ணாடி போடாம ஆரம்பிக்கவே கூடாது, பொடி கண்ணுல ஒட்டுனா ஆஸ்பத்திரிக்கு தான் போகணும். கிளவுஸ் போடாதீங்க, சுத்துற கல்லு கிளவுஸை புடிச்சா விரலோட இழுக்கும். தோள்ல துண்டு, தொங்குற சட்டை கை, கைல கயிறு எதுவும் வேணாம். புது கல்லு மாட்டும் முன்னாடி அதை விரல்ல தொங்கவிட்டு ஒரு மரக்கட்டையால தட்டுங்க, கணீர்னு கேட்டா சரி, டப்புன்னு செத்த சத்தம் வந்தா உள்ள விரிசல், மாட்டாதீங்க. ஸ்விட்ச் போட்டுட்டு ஒரு நிமிஷம் பக்கவாட்டுல நின்னுட்டு அப்புறம் முன்னாடி வாங்க. கல்லுக்கும் அதுக்கு முன்னாடி கை ஊன இருக்குற தட்டுக்கும், அதான் டூல் ரெஸ்ட், இடைவெளி 3 எம்எம்-க்கு மேல விடாதீங்க.

சரிண்ணா, கையால எப்டி புடிக்கிறது? ஸ்டெப்பா சொல்லுங்க

கிரைண்டரை ஆஃப் பண்ணி வெச்சே முதல்ல பழகுங்க. பள்ளிக்கூட ஜாமெட்ரி பாக்ஸ்ல இருக்குற கோணமானியால, கல்லோட முகத்துக்கு 59 டிகிரி சாய்வா டூல் ரெஸ்ட் மேல ஒரு கோடு போட்டுக்கோங்க. ஒரு கை விரலை ரெஸ்ட் மேல ஊனி பிட்டோட நுனி பக்கத்தை அதுல படுக்க வைங்க, இன்னொரு கை ஷாங்க்கை புடிக்கட்டும். பிட்டு அந்த கோட்டு மேல இருக்கணும், வெட்டுற லிப் மேல பாத்து, தரைக்கு மட்டமா படுத்திருக்கணும். கல்லு நம்மள பாத்து கீழ இறங்குற மாதிரி சுத்துது, அதனால கல்லு முதல்ல தொடுறது லிப்பை தான், அங்கேர்ந்து ஹீலுக்கு போகணும்.

இப்ப லிப்பை கல்லுல பூ மாதிரி தொட வைங்க, தொட்ட உடனே ஷாங்க் புடிச்ச கையை மெதுவா கீழ இறக்குங்க. இறக்க இறக்க தேய்மானம் லிப்புல இருந்து ஹீலுக்கு நகரும், ஹீல் தாழும். மேல சட்டம்னு சொன்னேன் இல்ல, அது நடக்குறது இந்த ஒரு அசைவுல தான். கூடவே பிட்டை கடிகாரம் சுத்துற பக்கம் கொஞ்சூண்டு உருட்டுறதும் உண்டு, ஆனா புதுசா பழகுறவங்க உருட்டவே வேணாம், நிறைய உருட்டுனா அடுத்த லிப்பு வந்து கல்லுல பட்டு அது நாசமாயிடும். இறக்குறது மட்டும் போதும். எனக்கு சொல்லிக் குடுத்த மேஸ்திரி "கையை ஏத்தாத, இறக்கு" அப்டின்னு அந்த ஒரு வார்த்தையை தான் ஒரு மாசம் சொல்லினே இருந்தாரு.

ஒரு இறக்கு முடிஞ்சதும் எடுத்து, பிட்டை அரை சுத்து திருப்பி அடுத்த லிப்புக்கும் அதே ஒரு இறக்கு. இந்த பக்கம் ஒண்ணு, அந்த பக்கம் ஒண்ணு, இப்படியே மாத்தி மாத்தி. ஒரே பக்கம் பத்து தடவை தேச்சுட்டு அடுத்த பக்கம் போனா சமம் வராது. நிக்கிற இடம், முழங்கை உடம்பை ஒட்டி இருக்குறது எதையும் மாத்தாதீங்க, உடம்பு தான் இங்க ஜிக், அதாவது பிட்டை ஒரே கோணத்துல புடிச்சு வைக்கிற சாதனம். நுனி ஓரம் உருண்டு தேய்ஞ்சு போயிருந்தா அந்த ஓரம் முழுசா கூரா வர்ற வரைக்கும் எடுக்கணும், பாதில நிறுத்துனா நாளைக்கே மொக்கை.

நுனி கோணம் 118 டிகிரின்னு எல்லாரும் சொல்றாங்க, அதை அளக்குறதுக்கு கேஜ் இல்லையே?

ரெண்டு ஒரே சைஸ் ஆறு பட்டை நட்டு எடுத்துக்கோங்க. மேஜைல படுக்க வெச்சு பட்டையும் பட்டையும் ஒட்டுற மாதிரி சேருங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வி பள்ளம் வரும், அது சரியா 120 டிகிரி. ஏன்னா நட்டோட ஒவ்வொரு மூலையும் 120, ரெண்டு சேர்ந்தா 240, மிச்சம் 120. பிட்டு நுனியை அந்த வி பள்ளத்துல வெச்சு வெளிச்சத்துல பாருங்க, ரெண்டு பக்கமும் சந்து இல்லாம உக்காந்தா போதும், 2 டிகிரி வித்தியாசத்துக்கு வேலைல ஒண்ணும் ஆகாது.

118 டிகிரிங்கிறது எம்எஸ், அலுமினியம், மரம் எல்லாத்துக்கும் நடுத்தரமா ஒத்து வர்ற கோணம். அதுல பாதி 59, மேல கோடு போட சொன்னது அதான்.

நல்லா கூரா தான் இருக்கு, கையே கிழிக்குது, ஆனா ஓட்டை விழல. ஏன்?

ஹீல் மேடு. வேற எதுவும் இருக்க சான்ஸ் ரொம்ப கம்மி. பிட்டை மேஜைல நேரா நிக்கவெச்சு, பக்கத்துல ஒரு ஸ்கேலை நிறுத்தி, லிப்போட வெளி ஓரம் எவ்ளோ உயரம், அதே பக்கம் ஹீல் எவ்ளோ உயரம்னு பாருங்க. 10 எம்எம் பிட்ல ஹீல் சுமார் ஒன்றரை எம்எம் கீழ இருக்கணும். கோணத்துல சொன்னா 8ல இருந்து 12 டிகிரி.

இன்னொரு அடையாளம், நுனியை மேலேர்ந்து நேரா பாருங்க. உளி முனை கோடு லிப்புக்கு சாய்வா, 120லேர்ந்து 135 டிகிரிக்குள்ள இருக்கணும். அது லிப்புக்கு கிட்டத்தட்ட செங்குத்தா நின்னா ஹீல் தாழல. ரொம்ப படுத்திருந்தா அளவுக்கு மேல தாழ்த்திட்டீங்க, அப்போ லிப்புக்கு பின்னாடி பலம் இல்லாம பிட்டு வெடுக்குனு கடிச்சு ஓரம் பேந்துடும். எங்க தேயுதுன்னே தெரியலன்னா பின்பரப்பு முழுக்க மார்க்கர் பேனாவால கருப்பு அடிச்சுட்டு ஒரு தடவை கல்லுல தொடுங்க, மை போன இடம் தான் கல்லு பட்ட இடம்.

10 எம்எம் பிட்டுல போட்டா 10.5 ஓட்டை வருதுங்க

ரெண்டு லிப்பும் ஒரே நீளம் இல்ல. குட்டை லிப்பு பக்கம் நடு நுனி தள்ளி போயிடும், பிட்டு அந்த நுனியை மையமா வெச்சு சுத்தும், ஓட்டை பெருசாகும். கோணம் ஒரு பக்கம் 59 ஒரு பக்கம் 62ன்னு இருந்தா ஒரே லிப்பு தான் வேலை செய்யும், அது சீக்கிரம் மொக்கையாகும். எம்எஸ் துண்டுல ஒரு ஓட்டை போட்டு பாத்தா போதும். ரெண்டு பள்ளத்துலயும் ஒரே மாதிரி சுருள் ஏறி வந்தா சமம், ஒரு பள்ளத்துல மட்டும் வந்தா வராத பக்கம் வேலை செய்யல, குட்டையா இருக்குற லிப்பை இன்னும் ஒண்ணு ரெண்டு இறக்கு எடுங்க.

பிட்டு நுனி நீலமாயிடுச்சு, செத்துடுச்சா? தண்ணில முக்கி முக்கி புடிக்கணுமா?

கார்பன் ஸ்டீல்னா நீலம் போன பாகம் முழுக்க தேச்சு எடுத்தா தான் அடியில நல்லது கிடைக்கும். ஹெச்எஸ்எஸ்ஸா இருந்தா நீலத்துக்கு பயப்படாதீங்க, மேல சொன்ன மாதிரி அது சூடு தாங்கும். செவந்து போச்சுன்னா தான் போச்சு.

தண்ணி பத்தி நிறைய பேரு தப்பா பண்றாங்க. கை தாங்குற சூட்டுல இருக்கும்போதே அடிக்கடி முக்குனா நல்லது. கன்னாபின்னானு காய விட்டுட்டு, புகை வர்ற நுனியை சொய்ங்னு தண்ணில விட்டா கண்ணுக்கு தெரியாத விரிசல் விழும், அப்புறம் வேலைல ஓரம் உதிரும். காஞ்சுடுச்சுன்னா காத்துல ஆற விடுங்க.

நாலஞ்சு தடவை புடிச்ச பிட்டு, கூரு சரி, ஹீலு சரி, ஆனா ரொம்ப அமுக்க வேண்டி இருக்கு

இது நல்ல கேள்வி, கை பழகினவங்களுக்கு தான் இந்த பிரச்சினையே வரும். வெப்புன்னு சொன்னேனே, அது நுனில மெல்லிசா, ஷாங்க் பக்கம் போக போக தடிமனா செஞ்சிருப்பாங்க. தேய தேய தடிமனான இடம் நுனிக்கு வருது, உளி முனை நீளமாகுது. உளி முனை வெட்டாது, இரும்பை நசுக்கி தள்ளும், அவ்ளோ தான். அது நீளமானா அமுக்கு ஜாஸ்தி வேணும்.

இதுக்கு வெப் திங்னிங் பண்ணணும். கல்லோட ஓர மூலையை டிரஸ்ஸரால கூரா ஆக்கிட்டு, அந்த மூலையை பிட்டோட பள்ளத்துக்குள்ள விட்டு, உளி முனையோட ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா எடுத்து நீளத்தை பாதியாக்கணும். லிப்போட வெளி பாதியை தொடக் கூடாது, ரெண்டு பக்கமும் சமமா எடுக்கணும். கடைல 135 டிகிரி ஸ்ப்ளிட் பாயின்ட்னு விக்குற பிட்டுலயும் உளி முனையை இதே மாதிரி பிளந்து தான் வெச்சிருக்காங்க, அதான் அது சென்டர் பஞ்ச்சால குழி அடிக்காமலே வழுக்காம நிக்குது.

எஸ்எஸ் கைப்புடி வேலை, படகுல எஸ்எஸ் போல்ட்டுக்கு ஓட்டை, சாணை புடிச்ச பிட்டு ரெண்டு ஓட்டைல காலி. காசிமேட்ல வேலை, அவசரம்

எஸ்எஸ்ல, அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல, ஒரு குணம் இருக்கு, வெட்டாம உரசுனா அந்த இடம் கெட்டியாயிடும். ஒரு செகண்டு பிட்டு சும்மா சுத்துனாலே மேல கண்ணாடி மாதிரி ஒரு தோல் வந்துடும், அப்புறம் எந்த பிட்டும் இறங்காது. அதனால ஸ்பீடு கம்மி, அமுக்கு ஜாஸ்தி, நடுவுல நிறுத்தி நிறுத்தி தடவக் கூடாது, எண்ணெய் விட்டுனே இருக்கணும். ஆரம்பிச்சா சுருள் வரணும், வரலன்னா உடனே எடுத்துடுங்க.

கோணம் 135ஆ வெச்சு புடிங்க, அதாவது ரெஸ்ட்ல 59க்கு பதிலா 67, 68 டிகிரி கோடு. வெப் திங்னிங் கண்டிப்பா வேணும். தினமும் எஸ்எஸ் தான் வேலைன்னா கோபால்ட் பிட்டு வாங்குங்க, எம்35ல 5 சதவீதம், எம்42ல 8 சதவீதம் கோபால்ட் இருக்கு. அதையும் இதே கல்லுல இதே மாதிரி சாணை புடிக்கலாம்.

பித்தளைல வெச்சா லபக்குனு உள்ள இழுக்குது, தகரத்துல முக்கோண ஓட்டை விழுது

பித்தளைக்கு லிப்பு ரொம்ப கூரா இருக்குறது தான் தொல்லை, திருகு மாதிரி உள்ள ஏறிடும். சின்ன ஆயில் ஸ்டோன் எடுத்து, லிப்போட முன் முகத்தை பிட்டோட நீளத்துக்கு இணையா ஒரு தையல் நூல் அகலம் தட்டையா தேச்சு விடுங்க. அக்ரிலிக் ஷீட்டுக்கும் அதே தான். அந்த பிட்டு அப்புறம் இரும்புக்கு ஆகாது, ஷாங்க்ல பெயின்ட் அடிச்சு தனியா வெச்சுக்கோங்க.

தகரத்துல நுனி கீழ வெளிய வந்த அப்புறமும் ஓரம் மேலயே இருக்கும், புடிமானம் இல்லாம பிட்டு ஆடும், அதான் முக்கோணம். அடியில மரக்கட்டை வெச்சு ரெண்டையும் சேத்து இறுக்கி போடுங்க, இல்லன்னா படிப்படியா அகலமாகுற ஸ்டெப் டிரில் வாங்கிக்கோங்க.

செவுத்துல போடுற பிட்டையும் இப்டி புடிக்கலாமா மாமா?

அது வேற ஜாதி. செவுத்து பிட்டு நுனில டங்ஸ்டன் கார்பைடு துண்டு ஒட்டியிருக்கும், அதை வெள்ளை கல்லும் சாம்பல் கல்லும் ஒண்ணும் பண்ணாது. பச்சை கல்லு, அதாவது சிலிக்கான் கார்பைடு, இல்லன்னா டைமண்ட் வீல் வேணும். கூரா சீவ வேணாம், மழுங்குன ரெண்டு சரிவையும் பழையபடி சமம் பண்ணா போதும். கார்பைடை சூட்டோட தண்ணில முக்கவே கூடாது, தெறிச்சுடும்.

ராயபுரம் பழைய வீடுங்கள்ல சுண்ணாம்பு செவுரு, பிட்டுக்கு வேலையே இல்ல. புது ஃபிளாட்டுல கம்பில பட்டா தான் கார்பைடு உடையுது. போயினு இருக்கும்போது திடீர்னு நின்னுடுச்சுன்னா அமுக்காதீங்க, ரெண்டு விரல் தள்ளி வேற ஓட்டை போடுங்க.

தங்க கலர் பிட்டு சாணை புடிச்சா கோட்டிங் போயிடுமே?

பின்பரப்புல போயிடும். பள்ளத்துக்குள்ள உள்ள கோட்டிங் அப்படியே இருக்கும், சுருள் வழுக்கி வர்றது அந்த பக்கம் தான், அதனால பாதி பலன் மிச்சம். உள்ள ஹெச்எஸ்எஸ் இருந்தா புடிங்க. சிலதுல கலர் மட்டும் தான் இருக்கும், பொறியை பாத்து முடிவு பண்ணுங்க.

தெருவுல சைக்கிள்ல சாணை புடிக்கிறவர் வராரே, அவர்கிட்ட குடுத்துடலாமா?

கத்தி, அருவாமணை, கத்திரிக்கோலுக்கு அவரை விட நல்ல கை கிடையாது, எங்க வீட்டு கத்தி எல்லாம் அவர் தான். டிரில் பிட்டு அவர் தொழில் இல்ல, ஹீல் தாழ்த்துறதுக்கு ஏத்த ரெஸ்ட் அந்த சைக்கிள்ல இல்ல. பக்கத்துல லேத் பட்டறை இருந்தா அங்க குடுங்க, முடிஞ்சா நின்னு பாருங்க, பாத்தே பாதி கத்துக்கலாம்.

ஜிக்குன்னு ஒண்ணு விக்குதே, வாங்கட்டா?

ரெண்டு லிப்பும் சமமா வரணும்னா ஜிக்கு உதவும், தப்பில்ல. ஆனா பிட்டு எவ்ளோ வெளிய நீட்டியிருக்கு, லிப்பு எந்த பக்கம் பாக்குதுன்னு செட் பண்றதுல தப்பு நடந்தா ஜிக்கே அழகா, ரெண்டு பக்கமும் சமமா, ஹீல் மேடா புடிச்சு குடுத்துடும். ஹீலை பாக்கத் தெரிஞ்ச அப்புறம் வாங்குங்க.

நீங்க புடிச்சு குடுத்தது சூப்பரா போச்சு, மூணு நாள்ல திரும்ப மொக்கை. சாணை சரியில்லையா?

ஸ்பீடை பாருங்க. எம்எஸ்ஸுக்கு ஒரு சுலப கணக்கு, 8000ஐ பிட்டோட எம்எம் அளவால வகுங்க, வர்றது தான் ஆர்பிஎம். 4 எம்எம்-க்கு 2000, 8 எம்எம்-க்கு 1000, 12 எம்எம்-க்கு 660 பக்கம். எஸ்எஸ்ஸுக்கு 8000க்கு பதிலா 3000. கை டிரில்ல டிரிக்கரை முழுசா அமுக்கி 2800ல 12 எம்எம் பிட்டை ஓட்டுனா எந்த சாணையும் நிக்காது, ஓரம் எரிஞ்சு போயிடும். பெரிய ஓட்டைன்னா முதல்ல 4 எம்எம்ல ஒரு வழி ஓட்டை போட்டுக்கோங்க, உளி முனைக்கு வேலை இல்லாம போகும்.

எண்ணெய் விடுங்க. இரும்புக்கு கட்டிங் ஆயில், இல்லாத இடத்துல இன்ஜின் ஆயில் சொட்டு. அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் நல்லா இருக்கும். வார்ப்பிரும்புக்கு மட்டும் எதுவும் வேணாம், காஞ்சபடியே போடுங்க.

எண்ணூர்ல வீடு, பொட்டில வெச்ச பிட்டெல்லாம் ஒரே மாசத்துல துரு. துரு புடிச்சா கூரு போயிடுமா?

போகும். விளிம்பு அவ்ளோ மெல்லிசு, உப்புக் காத்து முதல்ல அதை தான் சாப்பிடும். வேலை முடிஞ்சதும் எண்ணெய் துணியால துடைச்சுட்டு வைங்க, ஒண்ணோட ஒண்ணு இடிக்காம மரக்கட்டைல ஓட்டை போட்டு சொருகி வைங்க, ஒரே டப்பால கொட்டி வெச்சா துருவே வேணாம், இடிச்சே மழுங்கும். துணிப் பையும் அட்டைப் பெட்டியும் ஈரத்தை இழுக்கும். துரு மேலோட்டமா இருந்தா கம்பி பிரஷ்ஷால பள்ளத்தை சுத்தம் பண்ணிட்டு ரெண்டு இறக்கு போதும்.

பாதில உடைஞ்ச பிட்டு இருக்கு, 12 எம்எம், நல்ல கம்பெனி. அதுக்கு வழி இருக்கா?

இருக்கு, அதை தூக்கி போடாதீங்க. உடைஞ்ச இடத்தை முதல்ல கல்லுல மட்டமா தேச்சுக்கோங்க. அப்புறம் ஒண்ணுமே இல்லாத தட்டைல இருந்து 59 டிகிரி சரிவு ரெண்டை உருவாக்கணும், நேரம் எடுக்கும், நிறைய சூடாகும், அவசரப்படாம ஆற வெச்சு ஆற வெச்சு பண்ணுங்க. கோணம் வந்த அப்புறம் தான் ஹீல். நடுவுல உடைஞ்சதுன்னா வெப் தடிமனா தான் இருக்கும், அதனால திங்னிங் பண்ணாம அந்த பிட்டு இறங்காது.

கஷ்டப்பட்டு செஞ்சா கைல கிடைக்கிறது குட்டையான பிட்டு, குட்டைன்னா வளையாது, ஆடாது, கை டிரில்ல கேட் தகடு, ஆங்கிள் எல்லாம் போட முழு நீள பிட்டை விட சுகமா இருக்கும். என் கிட்ட அப்படி உடைஞ்ச 12 எம்எம் ஒண்ணு எட்டு வருஷமா ஓடினு இருக்கு. பள்ளம் இன்னும் ரெண்டு விரல் நீளம் மிச்சம் இருக்கு.